ஐபோன் 6எஸ், 16 ஜிபி: அழித்தாலும் திரும்ப இறங்கும் அப்டேட் கோப்பை நிறுத்த வழி உண்டா?

கேள்வி: பதினாறுஜிபி

கருவி ஐபோன் 6எஸ், 16 ஜிபி. இப்போது ஓடுவது ஐஓஎஸ் 14.4. ஸ்டோரேஜ் பட்டியலில் ஐஓஎஸ் 15 அப்டேட் கோப்பு மட்டும் 3 ஜிபி அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. "டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்" பட்டனைத் தொடவே இல்லை. ஆப் ஸ்டோரில் "ஆப் அப்டேட்ஸ்" ஆஃபில்தான் இருக்கிறது. கோப்பை டெலீட் செய்தால் இடம் கிடைக்கிறது, பிறகு தானாகவே மறுபடி இறங்கிவிடுகிறது. ஏன் இப்படி? நிரந்தரமாக நிறுத்த முடியுமா? டிவிஓஎஸ் (ஆப்பிள் டிவியின் இயங்குதளம்) பீட்டா ப்ரொஃபைல், அதாவது சோதனைப் பதிப்புக்கான அமைப்புக் கோப்பு, போட்டால் நின்றுவிடும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: கேபிள்பெட்டி

ஆப் அப்டேட்டும் ஐஓஎஸ் அப்டேட்டும் வேறு வேறு. ஆப் ஸ்டோர் பகுதியில் இருக்கும் சுவிட்ச் ஆப்களுக்கு மட்டும்தான். ஐஓஎஸ் கோப்பைக் கட்டுப்படுத்துவது இங்கே இருக்கிறது:

செட்டிங்ஸ் → ஜெனரல் → சாஃப்ட்வேர் அப்டேட் → ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்

ஐஓஎஸ் 12 வந்தபோது இங்கே ஒரே ஒரு சுவிட்ச்தான் இருந்தது. 13.6-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: "டவுன்லோட் ஐஓஎஸ் அப்டேட்ஸ்", "இன்ஸ்டால் ஐஓஎஸ் அப்டேட்ஸ்". பலரும் இரண்டாவதை மட்டும் ஆஃப் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அப்டேட் தானாக ஏறாது, ஆனால் கோப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்கு முக்கியமானது முதல் சுவிட்ச். இரண்டையும் ஆஃப் செய்யுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் சுவிட்ச், பிறகுதான் டெலீட். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது டெலீட் செய்தால், அடுத்த முறை ஃபோன் வைஃபையில், சார்ஜரில், போதிய காலி இடத்தோடு இருக்கும்போது கோப்பு திரும்ப இறங்கும். அதாவது ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால் போதும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இடம் போதாவிட்டால் அது இறங்காது. படங்களையும் வீடியோக்களையும் அழித்து நீங்கள் இடம் உண்டாக்கினால்தான் அதற்கு வழி திறக்கிறது.

டெலீட் செய்ய: செட்டிங்ஸ் → ஜெனரல் → ஐபோன் ஸ்டோரேஜ். பட்டியல் முழுதாக வரச் சற்று நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். ஆப்களுக்கு நடுவே பல்சக்கரப் படத்தோடு ஐஓஎஸ் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு "டிலீட் அப்டேட்". வரி தென்படாவிட்டால் ஃபோனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

கூடுதல் காப்பு வேண்டுமானால் செட்டிங்ஸ் → வைஃபை → உங்கள் நெட்வொர்க்குக்கு அருகில் உள்ள "ஐ" குறி → "லோ டேட்டா மோட்" ஆன். ஐஓஎஸ் 13 முதல் இது உண்டு. அந்த வைஃபையில் தானியங்கி டவுன்லோடுகள் நிற்கும். ஃபோட்டோ பேக்கப்பும் சேர்ந்து நிற்கும் என்பதை மறக்காதீர்கள்.

டிவிஓஎஸ் ப்ரொஃபைல் வேண்டவே வேண்டாம். ஃபோனை ஆப்பிள் டிவியின் பீட்டா அப்டேட்டைத் தேட வைத்து, ஐஓஎஸ் அப்டேட் இல்லை என்று நம்பவைக்கும் தந்திரம் அது. அந்த ப்ரொஃபைலுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி கடந்ததும் பயனில்லை. முகம் தெரியாத தளத்திலிருந்து ப்ரொஃபைல் இறக்குவது அதைவிட ஆபத்து. நெட்வொர்க் அமைப்புகளையே மாற்ற ப்ரொஃபைலால் முடியும்.

பதில்: பூட்டுசாவி

மேலே சொன்னது எல்லாம் சரி. இன்னொரு கண்ணி இருக்கிறது. கோப்பு ஏற்கெனவே இறங்கியிருந்தால் ஃபோன் அவ்வப்போது கேட்கும்: "இன்ஸ்டால் நவ்" அல்லது "லேட்டர்". லேட்டர் தொட்டால் "இன்ஸ்டால் டுநைட்", "ரிமைண்ட் மீ லேட்டர்" என்று இரண்டு வரும். சில நேரம் பாஸ்கோட் கேட்கும் திரையும் வரும். ஃபோனைத் திறக்கத்தான் கேட்கிறது என்று நினைத்து எண்களைப் போட்டால், ராத்திரி அப்டேட் ஏற்றச் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும். அந்தத் திரையில் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் "ரிமைண்ட் மீ லேட்டர்" தான் உங்கள் பட்டன்.

பாதுகாப்பு விஷயத்தில் என் கருத்து கறார். தானியங்கி டவுன்லோடை நிறுத்துங்கள், ஆனால் 14.4-இலேயே இருக்காதீர்கள். 2021 செப்டம்பரில் வந்த 14.8 அடைத்த ஓட்டைகளில் ஒன்று, எந்த இணைப்பையும் தொடாமலே ஐமெசேஜ் வழியாக ஃபோனுக்குள் புகப் பெகாசஸ் உளவு மென்பொருள் பயன்படுத்தியது. உங்கள் பதிப்பில் அது திறந்தே கிடக்கிறது. 14.8-க்கு மட்டும் போகலாமா என்றால், முடியாது. பழைய பதிப்புகளுக்கு ஆப்பிள் கையொப்பம் (ஏற்றுவதற்கான அனுமதி) தருவதை நிறுத்திவிட்டது. 6எஸ்-க்குக் கடைசி வரிசை ஐஓஎஸ் 15தான். அதிலும் 15.8-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள். ஒருமுறை அங்கே போய்விட்டால், அதன் பிறகு வருபவை சின்னச் சின்னக் கோப்புகள்தான்.

கேள்வி: பதினாறுஜிபி

இரண்டு சுவிட்சும் ஆஃப், கோப்பும் போய்விட்டது. நன்றி. செட்டிங்ஸ் மேல் சிவப்பு 1 மட்டும் போகவில்லை, அது பரவாயில்லை. ஆனால் 16 ஜிபியில் ஐஓஎஸ் 15 ஏற்ற இடத்துக்கு எங்கே போவது? "சில ஆப்களைத் தற்காலிகமாக நீக்கவா" என்று ஃபோன் கேட்டால் சரி சொல்லலாமா?

பதில்: கேபிள்பெட்டி

ஃபோனிலேயே ஏற்றாதீர்கள், கம்ப்யூட்டர் வழியாக ஏற்றுங்கள். வைஃபையில் இறங்கும் கோப்பு அளவில் சிறியதாக இருந்தாலும், அதை ஃபோனிலேயே பிரித்து விரிக்க வேண்டும். அதற்குத் தனியாக இடம் தேவை. 2014-இல் ஐஓஎஸ் 8-க்கு 4.6 ஜிபி காலி இடம் வேண்டியிருந்தது, 16 ஜிபிக்காரர்கள் திண்டாடினார்கள். மறு ஆண்டு ஐஓஎஸ் 9-இல் அதை 1.3 ஜிபியாகக் குறைத்தார்கள். ஆப்களை நீக்கி, ஏற்றி, திரும்பப் போடும் ஏற்பாடும் அப்போது வந்ததுதான். அது வேலை செய்யும். ஆனால் ஆப் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட ஆப் ஏதாவது உங்களிடம் இருந்தால் அது திரும்பி வராது. பழைய ஃபோனில் அப்படி ஒன்றிரண்டாவது இருக்கும்.

கம்ப்யூட்டர் முறை: விண்டோஸ் என்றால் ஐட்யூன்ஸ், மேக் என்றால் மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பு முதல் ஃபைண்டர். கேபிளில் மாட்டி, ஃபோனில் "ட்ரஸ்ட்" கொடுங்கள். முதலில் "திஸ் கம்ப்யூட்டர்" தேர்ந்து பேக்கப். "என்க்ரிப்ட்" டிக் செய்தால்தான் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் தரவும் பேக்கப்பில் சேரும். அந்த என்க்ரிப்ட் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். மறந்தால் அந்த பேக்கப் திறக்காது. பிறகு "செக் ஃபார் அப்டேட்" → "அப்டேட்". பக்கத்திலேயே "ரீஸ்டோர்" இருக்கும். அதைத் தொட்டால் ஃபோன் முழுக்கத் துடைக்கப்படும்.

ஒரு செலவு மட்டும் உண்டு. ஃபோனுக்கு வருவது மாறிய பகுதிகள் மட்டும், கம்ப்யூட்டருக்கு வருவது முழு ஐஓஎஸ். பல ஜிபி இழுக்கும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி ப்ளானில் ஹாட்ஸ்பாட் போட்டு முயன்றால் பாதியில் நிற்கும். பிராட்பேண்ட் இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

கேள்வி: நீலப்பெட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 5எஸ், ஐஓஎஸ் 11. ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் என்ற வரியே இல்லையே?

பதில்: பூட்டுசாவி

12-க்கு முன்னால் அந்த வரி கிடையாது. ரவுட்டரில் தடுப்பதுதான் வழி. ரவுட்டரின் யூஆர்எல் ஃபில்டரில் ஆப்பிள் டாட் காம் முகவரிகளில் இரண்டைப் போடுங்கள்: எம், ஈ, எஸ், யூ என்று தொடங்குவது, ஏ, பி, பி, எல், டி, என், எல், டி என்று தொடங்குவது. முதலாவது புதிய பதிப்பு என்ன இருக்கிறது என்ற பட்டியலைத் தரும், இரண்டாவது கோப்பைத் தரும். ஜி, எஸ் என்று தொடங்கும் முகவரியைத் தொடாதீர்கள். அது கையொப்ப சர்வர். தடுத்தால் பின்னால் ரீஸ்டோர் செய்யும்போது பிழை 3194 வரும்.

வீட்டிலுள்ள எல்லா ஆப்பிள் கருவிகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். வேறு வைஃபைக்குப் போனால் தடை இல்லை. சொல்லப்போனால் 5எஸ்-க்கு 12.5 வரிசை உண்டு, 2023 ஜனவரியில் கூட 12.5.7 வந்தது. அதை கம்ப்யூட்டர் வழியாக ஏற்றிவிட்டால் சுவிட்சும் கிடைக்கும், ரவுட்டர் வேலையும் மிச்சம்.

கேள்வி: மூலைக்கடை

ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான், 16 ஜிபி. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்" ஆஃப் செய்தால் போதுமா?

பதில்: கேபிள்பெட்டி

போதாது. ரீஸ்டார்ட் ஆகும்போது அப்டேட் ஏறுவதைத்தான் அது நிறுத்தும், இறங்குவதை அல்ல. சாம்சங் என்றால் செட்டிங்ஸ் → சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் "ஆட்டோ டவுன்லோட் ஓவர் வைஃபை" ஆஃப் செய்ய வேண்டும். பழைய மாடல்களில் இது "அபவுட் டிவைஸ்" உள்ளே ஒளிந்திருக்கும். ஷாவ்மி என்றால் அபவுட் ஃபோன் → எம்ஐயூஐ வெர்ஷன் → மூலையில் மூன்று புள்ளி → அப்டேட் செட்டிங்ஸ். ஷாவ்மியில் இறங்கிய கோப்பு "டவுன்லோடட் ரோம்" ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும், ஃபைல் மேனேஜரில் அழிக்கலாம்.

ஆனால் 16 ஜிபி ஆண்ட்ராய்டில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் ப்ளே ஸ்டோர்தான். ஃபோனோடு வரும் ஆப்களின் மூலப் பிரதி சிஸ்டம் பகுதியில் இருக்கும். அப்டேட் ஆனால் புதிய பிரதி உங்கள் இடத்தில் உட்காரும், பழையதும் போகாது. பயன்படுத்தாத ஒவ்வொன்றுக்கும் ஆப் இன்ஃபோ → மூன்று புள்ளி → "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்", பிறகு "டிஸேபிள்". கூகுள் ப்ளே சர்வீசஸ், வெப்வியூ (ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டுவது) இரண்டிலும் இதைச் செய்யாதீர்கள், வேறு ஆப்கள் படுத்துவிடும். கடைசியாக ப்ளே ஸ்டோர் → செட்டிங்ஸ் → நெட்வொர்க் ப்ரிஃபரன்சஸ் → "டோன்ட் ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்". வங்கி ஆப்பையும் வாட்ஸாப்பையும் மட்டும் கையால் அப்டேட் செய்துகொள்ளுங்கள். காலி இடம் 500 எம்பிக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரத் தொடங்கும், அதற்கு மேலேயே வைத்திருங்கள்.

கேள்வி: பதினாறுஜிபி

விண்டோஸ் ஐட்யூன்ஸ் வழியாக 15 வரிசை ஏறிவிட்டது, ஆப் எதையும் நீக்கவில்லை. இப்போது லேப்டாப்பின் சி டிரைவில் பல ஜிபி குறைந்திருக்கிறது.

பதில்: கேபிள்பெட்டி

பேக்கப்பும், இறங்கிய முழு ஐஓஎஸ் கோப்பும்தான் அது. பேக்கப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஐஓஎஸ் கோப்பு: ஆப்டேட்டா → ரோமிங் → ஆப்பிள் கம்ப்யூட்டர் → ஐட்யூன்ஸ் → ஐபோன் சாஃப்ட்வேர் அப்டேட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் வியூ → ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்தால் தெரியும். உள்ளே இருப்பதை அழித்துவிடலாம். ஃபோனில் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். இரண்டு சுவிட்சும் ஆஃபில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு சார்ஜரில் போடுங்கள்.