மறு: ஈக்களின் ‘ஹால்டியர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஈயின் பின்னிறக்கை குறுகி, காம்பும் குமிழுமாக மாறிய உறுப்பே ஹால்டியர். அதற்குத் தமிழ்ப் பெயராக இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘பின்னிறக்கை எச்சம்’ என்றே வைத்துவிடலாமே? எதிலிருந்து வந்த உறுப்பு என்பது பெயரிலேயே தெரியும்.

இதை ஏற்க மனம் வரவில்லை, ஐயா. எச்சம் என்றால் பயனற்று மிஞ்சியது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்த உறுப்பை நீக்கிவிட்டால் ஈ நிலைகுலைந்து விழுந்துவிடும். பறக்கும்போது இறக்கை மேலேறினால் இது கீழிறங்கும்; இரண்டும் ஒரே வேகத்தில் அடிக்கும். உடல் சற்றே திரும்பினாலும் இதன் அடியிலுள்ள உணர்விகள் கண்டுகொள்ளும். ‘பின்’ என்பதும் இடிக்கிறது. ஸ்ட்ரெப்சிப்டெரா வரிசையின் ஆண் பூச்சிகளில் இப்படிக் குறுகியிருப்பது முன்னிறக்கை.

> ‘காம்புக்குமிழ்’. கண்ணில் படுவதையே பெயராக்குவோம்.

அழகான சொல். லென்ஸில் எதைத் தேட வேண்டும் என்பது கேட்டதுமே விளங்குகிறது. ஆனால் சிற்றீக்களை இனங்காணும்போது பல இடங்களில் குமிழின் நிறம் தனியாக, காம்பின் நிறம் தனியாகக் கேட்கப்படும். அப்போது ‘காம்புக்குமிழின் குமிழ் கறுப்பு’ என்று எழுத வேண்டி வரும். அது நாக்கில் உருளாது.

ஆகவே, பறக்கும்போது உடலைச் சமன்செய்வது என்ற பொருளில், என் வாக்கு ‘சமனி’க்கு. சமனிக்குமிழ், சமனிக்காம்பு என்று உறுப்பின் பகுதிகளுக்கும் பெயர் தானே அமைந்துவிடுகிறது. பயன்படுத்திப் பார்க்கிறேன்:

“இறக்கை ஒரு சோடி, அதன் பின்னே சமனி உண்டு – ஈ வரிசை.”
“இறக்கை ஒரு சோடி, சமனி இல்லை, வயிற்று நுனியில் நீண்ட வால் இழைகள் – மேப்பூச்சியா என்று பார்க்க.”

மேப்பூச்சி (mayfly) ஈ வரிசையைச் சேர்ந்ததல்ல; ஆனால் குளோயான் என்னும் மேப்பூச்சிக்கும் ஒரு சோடி இறக்கைதான். இறக்கையை மட்டும் எண்ணினால் அதையும் ஈ என்று எழுதிவிடுவோம்.

இந்தச் சொல் சிற்றீக்களுக்கே அதிகம் தேவைப்படும். வீட்டு ஈயில் இறக்கையடி மடல் சமனியை மூடிவிடுகிறது. டிரோசோபிலா என்னும் பழ ஈயிலும் கூன் முதுகுள்ள ஃபோரிட் ஈயிலும் அந்த மடல் மிகச் சிறியது. பக்கவாட்டில் வைத்து லென்ஸ் பிடித்தால் இறக்கை மூட்டுக்குச் சற்றுப் பின்னே, வயிறு தொடங்கும் இடத்தருகே, குமிழ் தெளிவாகத் தெரியும்.

மறைக்கிற அந்த மடலுக்கும், ஆங்கிலத்தில் காலிப்டர், ஒரு பெயர் வேண்டும். ‘மூடுமடல்’ என முன்வைக்கிறேன். சிற்றீக்களில் அது எதையும் மூடுவதில்லையே என்ற எதிர்ப்பு வரலாம். அதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தாருங்கள்.