தொழில்முயற்சியாளர் விருது: விண்ணப்பத்தையும் பத்து நிமிட விளக்கவுரையையும் எவ்வாறு ஆயத்தம் செய்வது?

களுவாஞ்சிகுடி மா ஆலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிவப்பரிசி மா, வறுத்த இடியப்ப மா, குரக்கன் மா, சத்துமா ஆகியவற்றை அரைத்துப் பொதி செய்து விற்கும் சிறிய ஆலையொன்றை நடத்தி வருகிறேன். பதினொரு பேர் வேலை செய்கின்றனர். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை விவசாயிகளிடமிருந்து நெல்லை நேரடியாகவே கொள்வனவு செய்கிறேன்.

சென்ற வருடம் ஒரு விருதுக்கு விண்ணப்பித்து முதற்சுற்றிலேயே வெளியேறினேன். காரணம் கேட்டபோது "சான்றுகள் போதவில்லை" என்று ஒரே வரியில் பதில் கிடைத்தது. இருபத்திரண்டு பக்கம் எழுதி, வண்ணப் படங்களும் சேர்த்து, அழகாகக் கட்டுவித்து அனுப்பிய எனக்கு, போதாதது எது என்று இன்றுவரை விளங்கவில்லை. இம்முறை பன்னிரண்டு பக்கத்துக்கு மேற்படக்கூடாது என்றும், மூன்று வருடக் கணக்கறிக்கை இணைக்கப்பட வேண்டும் என்றும், தெரிவாகுபவர்கள் கொழும்பில் நடுவர்கள் முன்னிலையில் பத்து நிமிடம் பேசி ஐந்து நிமிடம் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

2021/22 இலிருந்து 2023/24 வரை எங்கள் விற்பனை இரு மடங்காகியிருக்கிறது. அதை முதற்பக்கத்தில் பெரிதாகப் போட எண்ணியிருக்கிறேன். அது சரியா? மற்றொன்று, ஆங்கிலத்தை வாசித்து விளங்கிக்கொள்வேன். மேடையில் நின்று பேச நா எழாது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணக்கேடு, அக்கரைப்பற்று:

சகோதரி, நான் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். மாவட்ட மட்டத் தெரிவொன்றில் இரண்டு தடவை விண்ணப்பங்களை வாசித்துப் புள்ளியிட்டும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன், "இரு மடங்கு" என்பதை முதற்பக்கத்தில் போடாதீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் இருந்தன. அந்தக் காலத்தில் மா விற்ற எவருக்கும், முன்னரைவிட ஒரு கிலோகூடக் கூடுதலாக அரைக்காதவருக்கும், ரூபாக் கணக்கு ஏறித்தான் இருக்கும். நடுவர்களில் ஒருவராவது வங்கியிலிருந்தோ கணக்காளர் தொழிலிலிருந்தோ வந்திருப்பார், அவர் உங்களிடம் கேட்கும் முதற்கேள்வி "எத்தனை கிலோ?" என்பதாகவே இருக்கும். ஆகவே கிலோவில் எழுதுங்கள். அது சொற்பமாகவே கூடியிருந்தாலும், அந்த நெருக்கடியில் குறையாமல் நின்றதே பெரிய விடயம்.

அமெரிக்காவில் 1987 இல் தொடங்கப்பட்ட மல்கம் போல்ட்ரிஜ் தேசிய தர விருதின் அளவுகோல்களைப் பல நாட்டு விருதுகள் முன்மாதிரியாகக் கொண்டிருக்கின்றன. அதில் நீண்டகாலம் நடைமுறையிலிருந்த புள்ளித் திட்டத்தின்படி, மொத்தம் 1000 புள்ளிகளில் 450 பெறுபேறுகளுக்கே உரியவை. தலைமைத்துவம், திட்டமிடல், வாடிக்கையாளர், ஊழியர் என்று எஞ்சிய அனைத்தும் சேர்ந்துதான் மீதி 550. உங்கள் விருதின் புள்ளித் திட்டம் வேறாக இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தோடு அது தரப்பட்டிருந்தால், எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து, பன்னிரண்டு பக்கத்தையும் அந்த விகிதத்திலேயே பங்கிடுங்கள். ஐந்து புள்ளிக்குரிய "எமது தூரநோக்கு" இரண்டு பக்கத்தை விழுங்கிய விண்ணப்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள். பதினொரு பேர் வேலை செய்கின்றனர் என்று எழுதுகிறீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாந்தம் அனுப்பும் படிவத்திலும் பதினொரு பேர் இருக்கிறார்களா? தொழில் வழங்குநரின் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா? அங்கே ஆறு பேர், இங்கே பதினொரு பேர் என்றால், அதற்குப் பின்னர் நீங்கள் எழுதிய எதையும் நடுவர் நம்பி வாசிக்க மாட்டார். அப்படி வேறுபாடு இருந்தால் மறைக்காமல், நாட்கூலிக்கு வருபவர்கள் இத்தனை பேர் என்று பிரித்தே எழுதிவிடுங்கள்.

சான்று என்றால் சான்றிதழ் மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். எஸ்எல்எஸ் தரச் சான்றிதழும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் இருந்தால் இணைக்கத்தான் வேண்டும். ஆனால், நான் வாசித்தவற்றுள் இன்றும் நினைவில் நிற்பது, எண்ணெய்க் கறை படிந்த நிறைக் கொப்பியொன்றின் மூன்று பக்கப் பிரதிதான். தினமும் எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இரண்டு இடங்களில் வெட்டித் திருத்தியும் இருந்தது. மேசையிலிருந்த எல்லோரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.

உங்களிடம் ஒரு கேள்வி. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததை அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. பிறகு எரிவாயு கிடைக்கவில்லை. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. மா அரைக்கும் ஆலையொன்று இவற்றை எப்படித் தாண்டியது? சென்ற வருட விண்ணப்பத்தில் இதை எழுதினீர்களா?

மருதமுனைத் தறி:

விளக்கவுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்களுடையது கைத்தறிச் சாரம். முதன்முறை நான் போனபோது படவில்லைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அங்கிருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், திரையில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் முன்பின்னாக ஓடின. பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அதிலேயே கழிந்தது. யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி, பென்டிரைவிலும் தொலைபேசியிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விடயத்தில், 1987 இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். அரச நிறுவனம் நடத்தும் விருதானால் அதைச் சுட்டிக்காட்டி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தனியார் சம்மேளனம் என்றால் முன்கூட்டியே பண்பாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். எனக்கு இரண்டாம் முறை மொழிபெயர்ப்பாளர் தந்தார்கள். ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் ஒரு வசனம், அவர் ஒரு வசனம் என்று போனால், பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகிவிடும். எனவே ஐந்து நிமிடப் பேச்சையே ஆயத்தம் செய்யுங்கள். திரையில் வரும் எண்களும் தலைப்புகளும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வாய் தமிழில் பேசட்டும்.

பொருளையும் கையோடு கொண்டு போங்கள். நான் புதிய சாரமொன்றையும், அதே பாவில் நெய்து வீட்டில் ஒரு வருடம் உடுத்துக் கழுவிய சாரமொன்றையும் மேசையில் விரித்தேன். சாயத்தின் தரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்கவில்லை. உங்கள் மாவில் இடியப்பம் அவித்துக் கொண்டு போகலாம் என்று தோன்றலாம். இரவு பஸ்ஸில் போய் இறங்கும்போது அது காய்ந்து விறைத்திருக்கும், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

புளியந்தீவு வாசகன்:

ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் விண்ணப்பிக்காமலே "தெரிவாகிவிட்டீர்கள்" என்று அழைத்து, கேடயத்துக்கும் விருந்து மேசைக்கும் பணம் கேட்கும் விருதுகளும் உலவுகின்றன. நடுவர்கள் யார், அளவுகோல் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். சகோதரி குறிப்பிடும் விருது அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. வெற்றி கிடைக்காவிட்டாலும் புள்ளி விபரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

களுவாஞ்சிகுடி மா ஆலை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கணக்கேடு ஐயாவின் கேள்வியை வாசித்த பிறகு பழைய கொப்பிகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 2021/22 இல் 58 தொன் அரைத்திருக்கிறோம். 2023/24 இல் 63 தொன். இரு மடங்கு எங்கே, இது எங்கே என்று முதலில் மனம் சோர்ந்துவிட்டது.

பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மா வறுப்பதற்கு எரிவாயு கிடைக்காமற்போனபோது, என் அம்மாவின் யோசனைப்படி கொல்லையில் உமி அடுப்பு இரண்டு கட்டினோம். உமியை அயலிலுள்ள நெல் ஆலையில் மூட்டைக் கணக்கில் எடுத்தோம். எரிவாயு வந்த பிறகும் அதை விடவில்லை. வறுப்புச் செலவு பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. சென்ற வருட விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உமி அடுப்பென்று எழுதினால் வசதியில்லாத ஆலை என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தில், படமெடுக்க வந்த தம்பியிடம்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஊழியர் விபரத்தையும் பிரித்து எழுதிவிட்டேன்: நிரந்தரமாக எட்டுப் பேர், நாட்கூலிக்கு மூவர். மருதமுனைச் சகோதரர் சொன்னபடி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக் கடிதமும் அனுப்பியாயிற்று. 2022 ஏப்ரல் மாதக் கொப்பியில் எரிவாயு என்ற நிரலில் பதினேழு நாட்களுக்கு "இல்லை", "இல்லை" என்று எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுதிவைத்திருக்கிறாள். பதினெட்டாம் நாள் அதே நிரலில் "உமி 2 மூட்டை" என்றிருக்கிறது. அந்தப் பக்கத்தை இணைப்பு 1 ஆக வைக்கிறேன்.