அப்பாவுக்கு ஆறு மணி நேரம், சித்திக்கு நான்கு

மன்னார்குடியிலிருந்து:

என் அப்பாவுக்கும் சித்திக்கும் மலக்குடலில் புற்றுநோய். இரண்டு வருட இடைவெளியில், தஞ்சாவூரில் ஒரே மருத்துவரிடம் ஒரே அறுவை. கட்டி இருந்த இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அப்பாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சித்திக்கு நான்குகூட ஆகவில்லை. அப்பாவுக்கு உள்ளே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று என் மனத்தில் இருந்த சந்தேகத்தை மருத்துவரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "செம்புக்குள் கையை விட்டு அடியைத் துலக்கியிருக்கிறீர்களா? ஆண் இடுப்பு அப்படி. பெண்ணுக்கு வாயகன்ற உருளி" என்றார். ஆணின் இடுப்பெலும்புக் கூடு குறுகலானது, ஆழமானது. பிள்ளை இறங்கும் வழி என்பதால் பெண்ணுக்கு அது அகன்றிருக்கிறது. மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு உறை கிழியாமல் மொத்தமாக எடுத்தால்தான் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும்; அந்த இடுக்கில் கருவியைத் திருப்பவே இடம் போதாது. முன்பக்கம் ஆணுக்குப் புராஸ்டேட் சுரப்பியும் மூத்திரப்பையும் நெருங்கி நிற்கின்றன. பெண்ணுக்கு அங்கே கருப்பையும் பிறப்புப் பாதையும். குடலை இணைத்த இடத்தில் கசிவு வருவதும் ஆண்களுக்கே அதிகமாம். மூத்திரத்துக்கும் ஆண்மைக்குமான நரம்புகள் மெல்லிய இழைகளாக ஓரத்திலேயே ஓடுகின்றன. அப்பாவுக்குக் குழாயை எடுத்தபின் சிறுநீர் பிரியவில்லை. மறுபடி போட்டு, மூன்று வாரம் அதோடுதான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

சித்திக்கு எல்லாம் எளிதாக முடிந்தது என்று நினைத்தோம். மலம் சேர வயிற்றில் வைத்திருந்த தற்காலிகப் பையை மூன்று மாதத்தில் எடுத்தார்கள். அதன்பிறகுதான் சோதனை. மலத்தை அடக்க முடியவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காராமல் கொல்லைக் கதவருகே நின்றார். பெண்களுக்கு ஆசனவாயைச் சுற்றிய தசை முன்பக்கத்தில் குட்டையானது. பிரசவத்தில் கிழிவதும் அங்கேதான். அறுவைக்கு முன் கேட்டபோது "மூன்றும் சுகப்பிரசவம்" என்று சித்தி சொல்லி முடித்துவிட்டார். தலைப்பிரசவம் வீட்டில் நடந்ததையும், கிழிந்த இடம் தையல் போடாமல் தானாகவே ஆறியதையும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தசையை முன்கூட்டியே சோதித்திருப்பார்கள். இப்போது இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறார். தாய்மார்களே, பிரசவத்தில் கிழிந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

கருப்பையை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் காலி இடத்தில் குடல் இறங்கி, பழைய தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையே அவர்களுக்கு வலியும் நேரமும் கூடியது.

பைக்கு இடம் குறிப்பதை நான் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். பெண்களுக்குப் பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் அழுந்திய கறுப்புத் தடம் இடுப்பில் இருக்கும். அதன்மேல் வைத்தால் பை நிற்காது. ஆண்களை, வயலுக்குப் போகும்போது கட்டுவதுபோலவே வேட்டியைக் கட்டச் சொல்லி, உட்காரவும் குனியவும் வைத்துப் பார்த்துத்தான் பேனாவால் புள்ளி வைப்பேன். படுத்திருக்கும்போது குறித்தால் எழுந்ததும் அது மடிப்புக்குள் போய்விடும்.

சிறுகுடலில் பை வைத்தவர்களுக்கு இன்னொன்று. சித்திரை வெயிலில் வெறும் தண்ணீரையும் இளநீரையும் மட்டும் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். வெளியேறுவது உப்பு, இளநீரில் அது குறைவு. உப்புச் சர்க்கரைக் கரைசலும் உப்பிட்ட கஞ்சியும்தான் தாங்கும்.

திருவையாற்றிலிருந்து:

எனக்கு 38 வயதில் இதே அறுவை. முன்னதாக ரேடியேஷன். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கட்டியைப் பற்றி ஆயிரம் கேட்ட நான், இதைக் கேட்க நாக்கு எழாமல் இருந்தேன். என் மனைவிதான் கதவைச் சாத்திவிட்டு மருத்துவரிடம் கேட்டாள். ரேடியேஷன் தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்து வைக்க ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். மகளுக்கு இந்தத் தை பிறந்தால் இரண்டு வயது.