போர்வெல்லில் வெள்ளைப் படிவு, தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆழப்படுத்தத்தான் வேண்டுமா?

கோட்டையூர்க்காரி:
எங்கள் வீட்டு போர் 280 அடி, போட்டு 9 வருடம். மேல்தொட்டி 40 நிமிடத்தில் நிறையும். இப்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. நேற்று மோட்டாரைத் தூக்கினோம். சல்லடை முழுக்கப் பணியாரக் கல்லில் மாவு காய்ந்துபோன மாதிரி வெள்ளை ஓடு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. தண்ணீர் இன்னும் 180 அடியிலேயே நிற்கிறது, இறங்கவில்லை. போர்க்காரர் 150 அடி ஆழப்படுத்தச் சொல்கிறார். அப்பச்சிக்கு ஒரே கவலை, "சம்பை ஊற்றுத் தண்ணின்னா இப்படி ஆகுமா" என்கிறார் (எங்கள் காரைக்குடிப் பக்கம் நல்ல தண்ணீருக்குப் பேர்போன ஊற்று அது). வழி சொல்லுங்கள்.

திருப்பத்தூர் வேலு:
கம்ப்ரசர் வைத்து பிளஷ்ஷிங் பண்ணுங்க, சரியாயிடும்.

நரிமணத்தான்:
கம்ப்ரசர் சேற்றையும் மணலையும் தள்ளும். துளையில் கல்லாக இறுகியதை அசைக்காது.

ஆச்சி, அந்த ஓட்டில் ஒரு துண்டு எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைக்கிறதா? அப்புறம், மோட்டார் எப்போதாவது மாற்றினீர்களா?

கோட்டையூர்க்காரி:
சுர்ரென்று நுரைத்தது அண்ணே! ஆமாம், இரண்டு வருடம் முன்னால் 1 எச்பியை எடுத்துவிட்டு 2 எச்பி இறக்கினோம்.

நரிமணத்தான்:
நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. பெரிய மோட்டார் இறக்கியதில்தான் கோளாறு. நான் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவன், இதே படிவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பூமிக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீரில் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். வேகமாக இழுத்தால் துளையருகே அழுத்தம் விழும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு வெளியேறும், சுண்ணாம்பு அங்கேயே கல்லாகப் படியும். கச்சா எண்ணெயோடு வரும் நீரிலும் நடப்பது இதுதான். அங்கே 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், இரும்பை அரிக்காமலிருக்க மருந்து கலந்து இறக்குவோம்.

நுரைக்காமல் இருந்திருந்தால் நான் பயந்திருப்பேன். வட கடலில் மில்லர் எண்ணெய் வயலில், எண்ணெயைத் தள்ளச் செலுத்திய கடல்நீரின் சல்பேட்டும் அடியிலிருந்த நீரின் பேரியம் உலோகமும் சேர்ந்து கல்லாகப் படிந்ததில், ஒரு கிணறு நாளுக்கு 30,000 பீப்பாயிலிருந்து 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. பேரியம் சல்பேட் அமிலத்தில் கரையாது. உங்களுடையது கரையும்.

குடிநீர்க் கிணற்றுக்கு சல்பாமிக் அமிலத் தூள் நல்லது. 6 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்களுக்கு 180 அடியிலிருந்து 280 அடி வரை தண்ணீர், அதாவது 30 மீட்டர், ஆக ஏறத்தாழ 540 லிட்டர். 5 சதவீதத்துக்கு 27 கிலோ. அது ஏறத்தாழ 14 கிலோ சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். மோட்டார் வெளியே இருக்கட்டும். வாயு கிளம்பும், மூடிய அறையில் செய்யாதீர்கள், குழாய்க்கு மேல் குனியாதீர்கள். அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது, குளோரின் வாயு ஆளைக் கொன்றுவிடும். இரவு ஊறவிட்டு, கம்ப்ரசரால் வெளியே தள்ளுங்கள். அந்த நீரில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறியுங்கள், ஊருணிப் பக்கம் போகவே கூடாது. பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள்.

கோட்டையூர்க்காரி:
ஞாயிறன்று செய்தோம் அண்ணே. முதலில் அரிசி களைந்த நீர் மாதிரி வந்தது, நடுவில் ஓடு ஓடாகக் கற்கள். நீல லிட்மஸ் தாள் சிவப்பாவது நிற்கும் வரைக்கும் இறைத்தோம். பழைய 1 எச்பி மோட்டாரையே இறக்கிவிட்டோம். தொட்டி 50 நிமிடத்தில் நிறைகிறது. குடிக்க இன்னும் எடுக்கவில்லை, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.