முதல் ஃபாசில் வேட்டை: பை நிறையக் கல், தேறியது மூன்று

போன மாதம் முதல்முறையாக ஆற்றுக்கு ஃபாசில் (புதைபடிவம்) தேடப் போனேன். திரும்பும்போது தோளில் பதினோரு கிலோ கல். சும்மா சொல்லவில்லை, எடை மெஷினில் வைத்தே பார்த்தேன். ஒரு வாரம் கழித்து, நிலவியல் படித்த நண்பரின் அண்ணன் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் மிச்சம் வைத்தது மூன்று. மூன்றும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

முதல் இரண்டு மணி நேரம் முழு வீண். படங்களில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன்: சுருள் சுருளாக அம்மோனைட் (அழிந்துபோன ஒரு கடல் உயிரின் ஓடு), கரையில் துருத்திக்கொண்டு நிற்கும் தாடை எலும்பு, இப்படி. கணுக்கால் தண்ணீரில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். தேடும் மனசுக்கு எல்லாமே ஃபாசில்தான். உருண்டையாக இருந்தால் முட்டை. ஓட்டை இருந்தால் மண்டையோடு. கோடு இருந்தால் இலை. பையில் போடுவதற்கு அதற்கு மேல் காரணமே தேவைப்படவில்லை.

செருப்பு வார் அறுந்தது என் அதிர்ஷ்டம். ஆற்று வளைவின் உள்பக்கத்தில் சரளைத் திட்டு ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்து வாரைக் கட்டினேன். எழுந்திருக்கச் சோம்பல். சரி, கொண்டுவந்த சல்லடையையாவது பயன்படுத்துவோம் என்று கை எட்டும் இடத்தில் அள்ளிச் சலிக்க ஆரம்பித்தேன். இடம் சரியானது என்று பிற்பாடுதான் தெரிந்தது. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். உள்பக்கம் வேகம் குறையும், சுமந்து வந்த கனமானவை அங்கே இறங்கும். எலும்பும் பல்லும் கனிமம் ஏறிக் கனத்துப்போனவை, அதனால் அவையும் அந்தச் சரளையோடு தங்கிவிடும். பெரிய பாறைக்குப் பின்னால் தேங்கும் சரளையும் இப்படித்தான்.

ஒரே இடத்தில் மூன்று மணி நேரம். அப்போது வந்தது அந்தப் பல். கட்டைவிரல் நகம் அளவு, சாம்பல் கறுப்பு. தார்த் துண்டு என்று நினைத்து ஒருமுறை தூக்கியே எறிந்துவிட்டேன். பக்கத்திலேயே விழுந்ததால் அடுத்த அள்ளலில் சல்லடைக்கே திரும்பி வந்தது. இந்த முறை தண்ணீரில் அலசிப் பார்த்தேன். ஒரு முகம் தட்டை, மறுமுகம் லேசாகப் புடைத்திருந்தது. மேல்பாகம் கண்ணாடி போல மின்னியது, அடிப்பாகம் சொரசொரவென்று மங்கல். ஓரத்தில் நகத்தை இழுத்தால் ரம்பப் பல் போலச் சிறுசிறு வெட்டுகள். சுறாப் பல்! சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, பெரும்பாலும் மக்கிப் போய்விடும். ஆனால் ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் மாட்டுவது பல்லாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

மற்ற இரண்டு: சின்னக் கல்மரத் துண்டு (கல்லாகிப்போன மரம்), ஆமை ஓட்டுத் துண்டு. ஆமை ஓட்டின் ஒரு பக்கம் வழவழப்பு, உடைந்த விளிம்பில் பார்த்தால் உள்ளே ரொட்டி போலப் பொந்து பொந்தாக இருந்தது. அதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. வேறு ஏதோ கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

என் பெருமைக்குரிய பொருள் ஒரு நீளமான கறுப்பு எலும்பு. அம்மாவிடம் அதை மம்மூத், அதாவது அழிந்துபோன அந்தப் பழங்கால யானை இனம், என்றே சொல்லி வைத்திருந்தேன். அண்ணன் கையில் தூக்கிப் பார்த்து, 'ரொம்ப லேசா இருக்கே' என்றார். ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். முடி கருகிய நாற்றம். புது எலும்பில் புரதம் இருக்கும், அது கருகும். ஃபாசிலில் அநேகமாக அது போயிருக்கும். கறுப்பாக இருப்பதை நம்பாதே, ஆற்றுச் சேற்றில் கிடந்தால் நேற்றைய எலும்பும் கறுக்கும் என்றார். ஆக, மாடு.

உங்கள் முதல் பயணம் எப்படி? ஏமாந்த கதைகளுக்கு முன்னுரிமை!

— — —

உருண்டையெல்லாம் முட்டை என்று எடுத்து வந்தீர்களா? நான் பதினான்கு. எல்லாம் மண்ணுக்குள் கனிமம் சேர்ந்து திரண்ட உருண்டைகள். அதைவிட மோசம் என் 'பெரணி'. மஞ்சள் கல்லில் கறுப்பாக, கிளை கிளையாக, அப்படி ஒரு அழகு. சட்டம் போட்டு மாட்டி வைத்து இரண்டு வருஷம் கழித்து ஒருவர் சொன்னார், அது செடியே இல்லை, கல்லின் விரிசலில் ஊறிய நீரிலிருந்து மாங்கனீசு ஆக்சைடு படிந்து இப்படிக் கிளைக்கும் என்று. நிஜ இலையில் நடு நரம்பு இருக்கும், இலைகள் ஒரு ஒழுங்கில் அமைந்திருக்கும். இது பனி படிந்த ஜன்னல் மாதிரி மனம்போனபடி பரவும். சட்டத்தை இன்னும் கழற்றவில்லை. அழகு அழகுதானே.

— — —

சுறாப் பல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இவற்றை நாக்குக் கல் என்பார்கள். பாம்பின் நாக்கு கல்லானது, விஷத்தை முறிக்கும் என்று நம்பிக்கை. 1666ல் பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலை ஃபிளாரன்ஸில் இருந்த உடற்கூறியல் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் வந்தது. அறுத்துப் பார்த்தவர், இந்தப் பல்லும் அந்தக் கல்லும் ஒன்று என்று மறு வருஷமே எழுதினார். நீங்கள் தார் என்று எறிந்ததை அவர்கள் பாம்பு நாக்கு என்றார்கள், ஒன்றும் வெட்கப்பட வேண்டாம்.

என் முதல் பயணம் சுத்தியலால் கெட்டது. ஆற்றில் கிடந்த ஒரு கறுப்பு உருண்டையின் விளிம்பில் அம்மோனைட்டின் வரிகள் தெரிந்தன. நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தை உடைந்த நிலையில் பார்த்தவர்களுக்கு அந்தச் சக்கரம் நினைவுக்கு வரும். அதுவும் அம்மோனைட்தான். உற்சாகத்தில் ஆணி அடிக்கும் சுத்தியலால் ஒரே போடு. உருண்டை ஐந்தாக உடைந்தது, சுருளும் ஐந்தாக. சுத்தியலின் முனையிலிருந்து ஒரு இரும்புச் சில்லு தெறித்துப் புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். கல் உடைக்கும் சுத்தியல் வேறு, தச்சுச் சுத்தியல் வேறு. இரண்டில் எதுவானாலும் கண்ணாடி போடாமல் ஓங்காதீர்கள்.

— — —

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சரளையில் உருண்டு கிடப்பது வேறு, கரையில் மண்ணோடு பதிந்து இருப்பது வேறு. சரளையில் கிடப்பது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதே போய்விட்டது. கரையில் இருப்பதற்கு அந்த விலாசம் இன்னும் இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்தால் விலாசத்தைக் கிழித்துப் போடுகிறோம்.

ஜாவாவில் சோலோ ஆற்றங்கரையில் 1891ல் டச்சு மருத்துவர் டுபுவாவின் ஆட்கள் ஒரு ஆதிமனித மண்டையோட்டின் மேல்பகுதியை எடுத்தார்கள். அடுத்த வருஷம் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு தொடை எலும்பு. இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்ற சண்டை நூறு வருஷம் தாண்டியும் ஓயவில்லை. முறையாகத் தோண்டிய இடத்திலேயே இந்தக் கதி. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982ல் அருண் சோனாக்கியா கண்டெடுத்த ஆதிமனித மண்டையோட்டையும் நினைத்துப் பாருங்கள். அது ஒரு நிலவியலாளர் கண்ணில் படாமல், நம்மைப் போல ஒருவர் பைக்குள் போயிருந்தால்?

நான் ஒருமுறை கரையில் தாடை ஒன்றைப் பார்த்தேன். மூன்று பல் வெளியே தெரிந்தது. கை அரித்தது, உண்மை. பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். அவர்கள் வருவதற்குள் வெள்ளம் வந்து பாதி போய்விட்டது. அப்படியும் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், அதிகத் தெம்பு இல்லாமல். அப்புறம், எடுக்க அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

— — —

சின்னதாக ஒன்று. செருப்போடு ஆற்றில் இறங்காதீர்கள். பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது எனக்கு. பிடிமானமுள்ள பழைய ஷூ போதும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் நுரையும் மிதந்து வந்தாலோ, சல்லடையைப் போட்டுவிட்டு மேலே ஏறுங்கள். மேலே எங்கோ மழை, அல்லது அணை திறந்திருக்கிறது.

— — —

முதலில் எழுதியவன்தான். கரையில் இருப்பதைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. அன்று எதுவும் கண்ணில் படாதது நல்லதாகப் போயிற்று, பட்டிருந்தால் கண்டிப்பாகத் தோண்டியிருப்பேன்.

ஆமை ஓட்டில் வெடிப்பு விழுகிறதே, என்ன செய்வது என்று ஒருவர் தனியாகக் கேட்டார். வெயிலில் காயவைத்தேன், அதுதான் தப்பு. ஈரத்தோடு வந்ததை நிழலில், மெதுவாக, நாள் கணக்கில் காயவிட வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு அசிட்டோனில் நீர்க்கக் கரைத்த பாராலாய்டு பி-72 (அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ஒரு பிசின்) தடவலாம், வேண்டுமென்றால் பிறகு கரைத்து எடுத்தும் விடலாம். ஃபெவிகால் பக்கம் போகாதீர்கள்.

போன ஞாயிறு திரும்பவும் போனேன், ஷூவோடு. நடுவில் வெள்ளம் வந்துபோயிருக்கிறது. நான் உட்கார்ந்த திட்டு அங்கே இல்லை. ஆற்றின் போக்கில் இருபது அடி தள்ளிப் புதிதாக ஒன்று. நாலு மணி நேரம் சலித்துப் பாதிப் பல் ஒன்று கிடைத்தது. பையின் எடை? சட்டைப் பையே போதுமானதாக இருந்தது.

பழைய பதினோரு கிலோ தோட்டத்துக்குப் போய்விட்டது. மாட்டெலும்பு மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தீக்குச்சி விஷயத்தைச் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. வருகிறவர்களிடம் மம்மூத் என்றுதான் காட்டுகிறார்.