கோண்டா இருக்கறப்ப டெபியன்ல எதுக்குங்க பேக்கேஜ் போடணும்?

நண்டுபிடி:
ஸ்பெக்ட்ரம் டேட்டா ஃபிட் பண்ற சின்ன டூல் ஒண்ணு எங்க லேப்ல எழுதினோம், அத டெபியன்ங்கற லினக்ஸ்ல பேக்கேஜா சேத்தே ஆகணும்னு ஒருத்தர் ஒரே நச்சரிப்பு. கோண்டாங்கற சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற டூல்ல ஒரே ஒரு யாமல் செட்டிங்ஸ் ஃபைலு, லினக்ஸ் மேக் விண்டோஸ் மூணுலயும் ஓடுது. இங்க என்னடான்னா "இத நான் பேக்கேஜ் பண்ணப்போறேன்"னு மொதல்ல ஒரு பக் ரிப்போர்ட் போடணும், நமக்காக அத ஏத்திவிட டெபியன் டெவலப்பர் ஒருத்தர ஸ்பான்சரா தேடணும், அப்புறம் புது பேக்கேஜ சரிபாக்கற நியூ கியூல போய் தவம் கெடக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஸ்டேபிள் ரிலீஸ், அதுல கெடைக்கிறது பழைய சோறு.

அடிவேர்:
பழைய சோறுதான் வயித்துக்கு நல்லது 😄 கிளஸ்டர் அட்மினக் கேட்டுப் பாருங்க. 2023ல வந்த புக்வர்ம்ங்கற டெபியன் ரிலீஸ்ல ஃபிட் பண்ணினவனுக்கு இன்னிக்கும் அதே வெர்ஷன்தான், நடுவுல செக்யூரிட்டி ஃபிக்ஸ், பெரிய பக் ஃபிக்ஸ் மட்டும் வரும். அதவிட, எதுக்கு என்ன லைசென்ஸ்னு காப்பிரைட் ஃபைல் எழுதுறப்ப ஒவ்வொரு ஃபைலா தொறந்து பாக்கணும் பாருங்க, அங்கதான் பூதம் கெளம்பும். நான் பண்ணின ஒரு பேக்கேஜ்ல நியூமரிக்கல் ரெசிபீஸ் புக்லேர்ந்து அப்படியே அடிச்ச ரொட்டீன் இருந்துச்சு, அந்த சோர்ஸ வெளிய குடுக்க லைசென்ஸே இல்ல. அதத் தூக்கிட்டு ஜிஎஸ்எல்ங்கற கணக்கு லைப்ரரி போட்டோம், அது ஜிபிஎல் (சேத்து வெளியிடற கோடையும் அதே லைசென்ஸ்ல குடுக்கச் சொல்ற லைசென்ஸ்)ங்கறதால அதுக்கு ஒரு தனிச் சண்ட.

நண்டுபிடி:
சரி, டூலுக்குள்ள வெச்சிருக்க லைப்ரரியையும் பிரிச்சு சிஸ்டம்ல இருக்கறதோட லிங்க் பண்ணச் டெபியன்காரங்க சொல்றீங்களே, பேப்பர்ல போட்ட நம்பர் மாறினா யார் பதில் சொல்றது? பிளாஸ்ங்கற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரிய மாத்தினாலே கடைசி டெசிமல் ஆடுது.

அடிவேர்:
டெசிமல் ஆடட்டும், முடிவு ஆடினா அது ரிசல்ட்டே இல்ல தல. டெபியன் பல வகை மெஷின்ல பில்ட் பண்ணும், எங்களுக்கு எஸ்390எக்ஸ்ங்கற ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல மட்டும் டெஸ்ட் ஃபெயில் ஆச்சு, எவன் மெயின்ஃப்ரேம்ல இத ஓட்டப்போறான்னு நானும் திட்டிட்டேதான் பாத்தேன். பாத்தா பைனரி ஃபைல் படிக்கிற எடத்துல பைட்ட எந்த வரிசைல படிக்கணும்ங்கற பைட் ஆர்டர் தப்பு.

கொசுறு:
பழைய நம்பர் அப்படியே வேணும்னா கீக்ஸ்ங்கற பேக்கேஜ் மேனேஜர்ல அந்த வெர்ஷனோட கமிட்ட பின் பண்ணிக்கலாமே. என் கேள்வி வேற, பேக்கேஜ் போட்ட பையன் பிஎச்டி முடிச்சுப் போயிட்டா யார் பாத்துப்பா?

அடிவேர்:
அதுக்குத்தான் டெபியன் சயின்ஸ் டீம், ஒருத்தர் போனாலும் கிட் ரெப்போ டீம்கிட்ட இருக்கும். ஆளு பத்தல, அத ஒத்துக்கறேன்.

நண்டுபிடி:
நேத்து ராத்திரி எங்க டூல் கோடுல லைசென்ஸ் இருக்கற எடத்த கிரெப் போட்டுத் தேடிப் பாத்தேன். ரெண்டு ஃபோர்ட்ரான் ஃபைல் தலையில "கல்வி உபயோகத்துக்கு மட்டும்". எழுதினவர் ரிட்டயர் ஆயிட்டார்.

கொசுறு:
அப்ப கோண்டால எப்படிப்பா போட்டீங்க??

அடிவேர்:
அவருக்கு மெயில் போடுங்க, ஒத்துக்கிட்டா நானே ஸ்பான்சர் பண்றேன். இல்லன்னா டெபியனோட நான்-ஃப்ரீ பகுதிதான்.