பிரிவது உறுதி, ஆனால் ஒரே வீடு: பில்களை நாங்கள் பங்கிட்ட விதம்

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. பிரிவது என்று நானும் கணவரும் முடிவு செய்த பிறகும் உடனே வெளியேற வழியில்லை. வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் ஓடியது, மகள் பத்தாம் வகுப்பு. அவர் மாடியில், நானும் மகளும் கீழே. சமையல் தனித்தனி. மீன் வாங்கினால்கூட அவரவர் கறிக்கு அவரவர் காசு.

பெரிய சண்டை கரண்ட் பில்லில்தான். எல்லாம் பாதிப் பாதி என்றார் அவர். ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் மாடியில், என் சம்பளமோ அவருடையதில் பாதி. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த விலைப் படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். வெயில் காலத்தில் எங்கள் வீடு தாண்டியது. மாடியில் ஓடும் கரண்டைத் தனியாகக் காட்ட ஒரு சப் மீட்டர் மாட்ட வைத்தேன். அதில் ஓடிய யூனிட்டும், 500 தாண்டியதால் வந்த கூடுதலும் அவர் கணக்கு. அதற்கப்புறம் கரண்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

கடன் தவணை, வீட்டு வரி, மகளின் ஃபீஸ், டியூஷன் எல்லாம் சம்பள விகிதப்படி: அவருக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் விற்ற காசு யார் கைக்கும் போகாமல் நேராகக் கடனுக்கு. மழையில் பால்வெட்டு நின்ற மாதங்களில் மட்டும் அதே விகிதத்தில் கையிலிருந்து போட்டோம்.

யாருக்கும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிபேயில் அனுப்பி, எதற்கு என்று எழுதுங்கள். “ஒரே வீட்டில் கணக்கா மோளே” என்று அம்மா அழுதார். எனக்கு அந்தக் கணக்குதான் பாதுகாப்பாக இருந்தது.

ஒரே கூரையின் கீழ் இருந்தால் விவாகரத்து கிடைக்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவுக்கு, அதாவது இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்பதற்கு, ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இதெல்லாம் கை ஓங்காத வீட்டுக்குத்தான் சரிவரும். அடி விழுகிற வீடு என்றால் பில்லைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.